22இலேயே நின்ற வைஃபை

கட்டட வரைபடம் போடுவது என் தொழில். எந்தச் சுவர் ஒன்பது அங்குலம், எது நாலரை அங்குலம், தளத்துக்கு எத்தனை அங்குலக் கான்கிரீட் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன், திருச்சியில் நான் குடியிருக்கும் சொந்த வீட்டின் சுவரும் தளமும் வைஃபையை என்ன செய்யும் என்று ஐந்து வருடம் யோசிக்கவே இல்லை. அதற்குத் தண்டனையாக இணைய நிறுவனத்தோடு ஏழு மாதம் சண்டை போட்டேன். அந்தச் சண்டையில் நியாயம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2022இல் எங்களுடையது 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட் திட்டம். கீழே கூடத்தில் ரூட்டர். மாடியறையில் என் மேசை. சென்னையில் இருக்கும் அலுவலகத்தோடு கனமான வரைபடக் கோப்புகளை நாள் முழுக்க அனுப்பிப் பெற வேண்டும். வேகச் சோதனை செய்தால் மாடியில் 15, 16 என்று காட்டும். கீழே இறங்கி ரூட்டருக்கு எதிரிலேயே உட்கார்ந்தால் 22. மாதாமாதம் கூடுதலாகக் கட்டி 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினேன். மறுநாள் காலை ஆவலோடு சோதித்தேன். 22.

இங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரத்து இரண்டு மடங்கானபோதும் வாளி நிரம்பும் நேரம் ஒரு நொடிகூடக் குறையவில்லை என்றால், அடைப்பு வரத்தில் இல்லை. ஆனால் கோபத்தில் இருப்பவன் கணக்குப் பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டேன். "ரூட்டரை அணைத்துப் போடுங்கள் சார்" என்றார்கள். போட்டேன். 22. திரும்பவும் கூப்பிட்டேன். அதற்கு முன்பே ஒருமுறை, ரூட்டரில் ஒயர் போட்டுத் தரவிறக்கினால் 11 என்று காட்டுகிறதே, 100 எங்கே என்று கேட்டு அவமானப்பட்டவன் நான். அங்கே காட்டியது மெகாபைட், திட்டத்தில் சொல்வது மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், ஆக 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது என்று சேவை எண்ணில் பேசிய பெண் பொறுமையாக விளக்கினார். அந்தப் பழைய வெட்கமும் சேர்ந்துகொண்டதால் இந்த முறை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஏழாவது மாதம் நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முதலில் ஃபைபர் முனையைக் கழற்றிக் கையடக்க மீட்டரில் செருகினார். மைனஸ் 19 என்று காட்டியது. அது ஒளியின் அளவு. மைனஸ் 27ஐ ஒட்டிப் போனால்தான் வம்பு, இது நல்ல அளவு என்றார். பிறகு வாசல் பக்கம் மின்மீட்டர் பலகைக்குக் கீழே இருக்கும் ஃபைபர் மோடத்தில் தன் மடிக்கணினியை நேரடியாக ஒயர் போட்டு இணைத்தார். 198.

"மோடம் வரைக்கும் 198 வருகிறது சார். அதற்குப் பிறகு உங்கள் வீடு."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடித்துக்கொண்டே கூடத்து ரூட்டரில் ஒயரைச் செருகி இன்னொரு சோதனை போட்டார். 94. ஒயர் செருகும் துளையைக் காட்டி, "இது நூறு போர்ட் சார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

அந்த வாரத்தில் கற்றதுதான் இந்த விவகாரம் முழுவதற்கும் சாவி. வேகத்தைப் பிடித்து நிறுத்தும் ஒவ்வொரு இடமும் தன் கைநாட்டை எண்ணாக விட்டுச் செல்கிறது. 94 என்று ஆடாமல் அசையாமல் நின்றால் அது 100 எம்பிபிஎஸ் ஒயர் இணைப்பு. தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும்; ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரி, தலைப்பு, இடைவெளி என்று தலைச்சுமை ஏறுவதால் நூறில் ஐந்தாறு அதற்கே போய்விடுகிறது; மிச்சம் 94, 95. அதுபோல 22 என்பதும் ஒரு கைநாட்டு. அதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது.

ரூட்டர் 2017இல் வாங்கியது. அட்டைப்பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை. அதில் கொட்டை எழுத்தில் 300 எம்பிபிஎஸ் என்று இருக்கிறது. 300 போடும் ரூட்டரில் 22 ஏன்? ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். வைஃபை பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூபிஏ, அதற்குள் டிகேஐபி என்று இருந்தது. இது பழைய குறியாக்க முறை. 2009இல் இறுதியான 802.11என் என்ற வைஃபை தரத்தின் வேகங்களை டிகேஐபியோடு சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. யாராவது டிகேஐபியைத் தேர்ந்தெடுத்தால் இணைப்பு அதற்கு முந்தைய, 2003ஆம் ஆண்டின் 802.11ஜி தரத்துக்கு இறங்கிவிடும். அதன் உச்சம் 54. காகிதத்தில் 54 என்றால் கைக்கு வருவது இருபது முதல் இருபத்தைந்து. 22!

யார் அப்படி வைத்தது என்று வீட்டில் விசாரணை நடந்தது. குற்றவாளி நான்தான். 2018இல் ஒரு பழைய பிரிண்டர் புதிய முறையில் இணைய மறுத்தது. அதற்காக அமைப்பை மாற்றியிருக்கிறேன். அந்தப் பிரிண்டர் மறுவருடமே செத்துப் பரணுக்குப் போய்விட்டது. பரணில் கிடந்த பிரிண்டருக்காக மொத்த வீடும் நாலு வருடம் நொண்டியடித்திருக்கிறது. மகளின் ஐபோன் வேறு, வைஃபை பெயருக்குக் கீழே பாதுகாப்பு பலவீனம் என்று தினமும் எச்சரித்துக்கொண்டே இருந்ததாம். "நான்தான் சொன்னேனே அப்பா" என்றாள். சொன்னாள்தான்.

டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்ற புதிய முறைக்கு மாற்றிச் சேமித்தேன். ஒரு ரூபாய் செலவில்லை. ரூட்டர் எதிரில் எண்பதைத் தாண்டியது, மாடியில் 35. உங்கள் வீட்டிலும் ஏழெட்டு வருட ரூட்டர் இருந்தால், புதிது வாங்கக் கிளம்புவதற்கு முன் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.

அந்த 300ஐப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பொய் இல்லை, பொய்யைவிடச் சாமர்த்தியமானது. இரண்டு ஆன்டெனா, ஒவ்வொன்றுக்கும் 150, கூட்டினால் 300. ஆனால் அந்த 150 வேண்டுமானால் அலைவரிசையில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். இந்த ரூட்டர் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கும் மொத்த இடமே 83 மெகாஹெர்ட்ஸ் சொச்சம். எங்கள் தெருவில் என் மேசையிலிருந்து பார்த்தால் பதினேழு வீட்டு வைஃபை பெயர்கள் தெரிகின்றன. அத்தனை பேருக்கு நடுவில் ஒருவர் பாதித் தெருவை அடைத்துப் பந்தல் போட முடியாது. ரூட்டரே நாகரிகமாக 20 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருங்கிக்கொள்கிறது. 300 அங்கேயே 144 ஆகிவிடும். ஒரு ஆன்டெனா மட்டுமே உள்ள மலிவான போன் என்றால் 72. அதிலும், காற்று எல்லாருக்கும் பொது. ஒரு நேரத்தில் ஒரே கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். பேசி முடித்ததும் 'கிடைத்தது' என்று எதிர்முனை பதில் சொல்ல வேண்டும். இந்தக் காத்திருப்பும் பதிலும் போக, காட்டும் இணைப்பு வேகத்தில் பாதிக்குச் சற்று மேலேதான் நிஜத்தில் கிடைக்கிறது. 144க்கு எண்பதுகளில் ஏதோ ஓர் எண், 72க்கு நாற்பதை ஒட்டி. இத்தனைக்கும் மேலே, 300 என்று போட்ட அந்தப் பெட்டியின் பின்புறத்தில் இருக்கும் ஒயர் துளைகள் எல்லாமே 100 எம்பிபிஎஸ். வாசல் நூறுதான் என்றால் கூடம் முந்நூறாக இருந்து என்ன செய்வது?

தில்லைநகரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் 1200 என்று போட்ட பெட்டியை எடுத்து வைத்தார். இந்த 1200ம் கூட்டல் கணக்குத்தான்: 2.4இல் 300, வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி, மேலே கொஞ்சம் உருட்டி 1200. சாதாரணப் போன் எதுவும் இரண்டையும் சேர்த்துக் குடிக்கப்போவதில்லை. எனக்கு அது பிரச்சினை இல்லை. 867இல் பாதி வந்தாலே 200 திட்டத்துக்குத் தாராளம். பெட்டியைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தேன். துளைகள் 10/100. ஆயிரத்து இருநூறு என்று அட்டையில் போட்டுவிட்டு நூறில் வாசல் வைத்திருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுத்து, 10/100/1000, அதாவது கிகாபிட் துளை உள்ளதைக் கேட்டு வாங்கினேன். விலை வித்தியாசம் எழுநூறு ரூபாய்க்குள்தான்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். வைஃபையில் 94. ஒயரில் 94.

அரை மணி நேரம் அந்தப் புது ரூட்டரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி, "கடைக்காரர் பழையதையே பெட்டி மாற்றிக் கொடுத்துவிட்டாரா?" என்று கேட்டாள். பிறகுதான் யோசித்தேன்: வைஃபையில் வரும் எண் எப்போதும் கொஞ்சம் ஆடும், 130, 150, 120 என்று ஊசலாடும். இது 94இல் ஆணி அடித்ததுபோல நிற்கிறது. அப்படியானால் அடைப்பு காற்றில் இல்லை, எங்கோ ஓர் ஒயரில். எண் எந்த வகை அடைப்பு என்று சொல்லும். எத்தனை இடத்தில் என்று சொல்லாது. வாசல் மோடத்திலிருந்து கூடத்துக்குச் சுவருக்குள் குழாய் வழியாக ஒரு லேன் ஒயர் வருகிறது. வீடு புதுப்பித்தபோது எலக்ட்ரீஷியன் போட்டது. முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். எட்டு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் செருகியிருந்தது. மிச்சத்தில் நீல ஜோடியைப் பிரித்துப் படுக்கையறைத் தொலைபேசிக்கு ஓட்டியிருந்தார் அந்தப் புண்ணியவான். அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனம்: 100 எம்பிபிஎஸுக்கு நாலு கம்பி போதும், ஒரே ஒயரில் இரண்டு வேலை. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அந்த மிச்ச நாலில் ஒன்று குறைந்தாலும் இரு முனையும் பெரும்பாலும் தங்களுக்குள் பேசி நூறுக்கு இறங்கிவிடும், யாரிடமும் சொல்லாமல்.

தொலைபேசியைத் துண்டித்து ஆண்டுக்கணக்காகிறது. ஒயரின் இரு முனையையும் வெட்டிவிட்டுப் புதிதாக அடித்தேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. வாய்ப்பாடு மாதிரி இப்போதும் வருகிறது. முதல் இரண்டு முயற்சி பாழ், மூன்றாவது நின்றது. கூடத்தில் 196. சத்தமாகக் கத்திவிட்டேன் போலிருக்கிறது, அம்மா பூஜையறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மாடிக்குப் போனேன். 40.

ரூட்டர் இருந்த இடத்தை அன்றைக்குத்தான் வரைபடக்காரனின் கண்ணால் பார்த்தேன். அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று இரும்பு பீரோவுக்குப் பின்னால் அலமாரியில் வைத்திருந்தோம். அங்கிருந்து என் மேசைக்கு நேர்க்கோடு போட்டால் குறுக்கே பீரோ, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பிறகு கம்பி கட்டிய கான்கிரீட் தளம். தளத்தையும் நேராக அல்ல, சாய்வாகத் துளைக்க வேண்டும். ஐந்து அங்குலத் தளம் சாய்வில் எட்டு, ஒன்பது அங்குலமாகிறது. செங்குத்தாகவும் சாய்வாகவும் வெட்டுத் தோற்றம் வரைந்து காசு வாங்குகிறவனுக்கு இது தெரியாமல் போனதே! 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் 2.4ஐவிடச் சீக்கிரம் களைத்துவிடும். எனவே மாடியில் மடிக்கணினி தானாகவே 2.4க்கு இறங்கி 40இல் நின்றது. இரும்பைத் தாண்டுவது இரண்டுக்குமே கஷ்டம்.

பீரோவை நகர்த்த முடியாது, ரூட்டரை நகர்த்தினேன். கூடத்தின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த பலகையில். மாடியில் 55 ஆனது. ஆன்டெனாவை மாடியை நோக்கி நேராக நிமிர்த்தி வைத்தால் இன்னும் கூடும் என்று நினைத்தேன். அது தப்பு. குச்சி ஆன்டெனாவைச் சுற்றி அலை பரவுவது மெதுவடை வடிவத்தில்; வடையின் ஓட்டைக்குள் நிற்கும் குச்சிதான் ஆன்டெனா. குச்சியின் நுனி பார்க்கும் திசையில் வடை இல்லை, ஓட்டைதான் இருக்கிறது. ஒன்றைப் படுக்கவைத்து ஒன்றை நிமிர்த்தியதில் கொஞ்சம் தேவலாம்.

அடுத்து நான் செய்தது சுத்த முட்டாள்தனம். ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு, வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் வாங்கி மாடிப்படித் திருப்பத்தில் செருகினேன். போனில் சிக்னல் கோடுகள் நாலும் நிறைந்தன. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். வேகம் 30க்குக் குறைந்தது. கிணற்றிலிருந்து கீழ்த்தொட்டிக்கு, கீழ்த்தொட்டியிலிருந்து மாடிக்கு, இரண்டு இறைப்பையும் ஒரே வாளியால் செய்வதுபோலத்தான் மலிவான ரிப்பீட்டர். கேட்பதும் அதே அலைவரிசையில், திருப்பிச் சொல்வதும் அதே அலைவரிசையில். ஆகவே வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்த நாலு கோடும் ரிப்பீட்டருக்கும் போனுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் சொல்கின்றன. அதற்குப் பின்னால் ரிப்பீட்டர் எவ்வளவு திணறுகிறது என்று எந்தக் கோடும் காட்டாது. திருப்பிக் கொடுக்கும் பத்து நாள் கெடுவையும் தவறவிட்டேன். சும்மா இருந்த மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் வாய் திறக்கவில்லை.

கடைசியில் ஒயர்தான் காப்பாற்றியது. கூடத்திலிருந்து மாடிக்கு இருபத்தைந்து மீட்டர் கேட்6 ரக லேன் ஒயர். லேன் ஒயர் நூறு மீட்டர் வரை தாங்கும், தூரம் கவலை இல்லை. முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியத்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள், வளைத்தால் ஒடிகிறது. வெளிச்சுவரில் போவதால் பிவிசி குழாய்க்குள் விட்டேன். நம் ஊர் வெயிலில் வெறும் ஒயரின் தோல் வெடித்துவிடும். பூஜையறைச் சுவரில் துளை போட்டால் ஐந்து மீட்டர் மிச்சமாகும் என்றேன். "சாமி ரூமில் டிரில் சத்தம் கேட்டால் நான் என் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன்" என்றார் அம்மா. சமையலறை வழியாகச் சுற்றிக்கொண்டு போனது ஒயர்.

மாடி முனையில் 2017ஆம் ஆண்டு ரூட்டரையே வைத்தேன். பழைய ரூட்டரை இப்படிப் பயன்படுத்த மூன்று வேலைதான். கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஹெச்சிபியை அணைக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இரண்டு பேர் முகவரி வழங்கக் கிளம்பி எல்லாம் குழம்பிவிடும். அதன் சொந்த முகவரியைக் கீழே உள்ளதோடு மோதாமல் மாற்ற வேண்டும், கீழே 192.168.0.1 என்றால் மேலே 192.168.0.2. கீழிருந்து வரும் ஒயரை, தனியாக நிறம் மாற்றிக் கொடுத்திருக்கும் துளையில் செருகாமல், சாதாரண லேன் துளையில் செருக வேண்டும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாகவே இருக்கட்டும், 2.4 அலைவரிசைக்குள் இருக்கும் சேனல்களில் கீழே 1, மேலே 11 என்று தள்ளி வைத்தால் ஒன்றின் பேச்சில் ஒன்று குறுக்கிடாது. அதில் நூறு துளைதான் என்பது தெரிந்தே வைத்தேன். என் மேசையில் ஒயர் போட்டு 94 வருகிறது. இந்த முறை அது அடைப்பு இல்லை, என் முடிவு.

இன்னொரு சம்பவம். மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கியபோது கூடத்தில் 196, திடீரென்று 110க்கும் 130க்கும் இடையில் ஆடத் தொடங்கியது. 94 இல்லை, 22 இல்லை; புதுக் கைநாட்டு. இரவு பதினொரு மணிக்கு மேல் இணையம் நிற்கட்டும் என்று மனைவி ரூட்டரின் செயலியில் குழந்தைக் கட்டுப்பாட்டைத் தட்டிவிட்டிருந்தாள். அது இயங்கும்போது ஒவ்வொரு பொட்டலத்தையும் ரூட்டருக்குள் இருக்கும் ப்ராசசர் சிப்பே திறந்து பார்த்து அனுப்ப வேண்டும். வழக்கமாகப் போகும் வன்பொருள் குறுக்குவழி அடைபட்டுவிடுகிறது. மலிவான ரூட்டரில் அந்தச் சிப் பாவம், மூச்சு வாங்குகிறது. தேர்வா வேகமா என்ற வழக்கில் நான் தோற்றேன். ஏப்ரல் வரை 110தான்.

இப்போது யாராவது வைஃபை மெதுவாக இருக்கிறது என்றால் நான் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துவிடுகிறேன். மோடத்தில் ஒயர் போட்டு ஓர் எண், ரூட்டரில் ஒயர் போட்டு ஓர் எண், ரூட்டர் எதிரில் வைஃபையில் ஓர் எண், புலம்பும் இடத்தில் ஓர் எண். எங்கே எண் விழுகிறதோ அங்கே பணத்தைப் போடலாம், அதற்கு முன் வேண்டாம். மோடத்திலேயே விழுந்தால் தாராளமாக நிறுவனத்தோடு சண்டை போடுங்கள். இணையமே இல்லாமல் வீட்டுக்குள் மட்டும் அளக்க வேண்டும் என்றால் ஐபெர்ஃப் என்ற இலவச நிரலை இரண்டு கணினியில் ஓட்டினால் போதும்.

போன மாதம் நிறுவனத்திலிருந்து ஒரு அழைப்பு. "சார், 300க்கு மாறிக்கொள்ளுங்கள், மாதம் கொஞ்சம்தான் கூடும்." 2004இல் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்சம் 256 கேபிபிஎஸ், அதாவது கால் எம்பிபிஎஸ், போதும் என்றிருந்த நாட்டில், அதை 512 ஆக்கிப் பிறகு 2023இல்தான் 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். எனக்கு 300 எதற்கு என்று கேட்டேன். "மாடி வரைக்கும் நன்றாக வரும் சார்" என்றார் அந்தப் பையன்.

"மாடிக்கு 94தான் வரும் தம்பி" என்றேன். அவர் உடனே புகாரைப் பதிவு செய்துகொள்ளட்டுமா என்று கேட்டார்.